நூறு கிலோமீட்டரும் ஒரு பை கல்யாணப் பத்திரிகையும்

விடியும் முன்பே அப்பா தன் சைக்கிள் கேரியரில் ஒரு துணிப்பையை வைத்துக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீரும் வாழைப்பழமும் என்று நினைத்துக்கொண்டேன். அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அங்கே திருவள்ளூர் சாலையில் நேரே மிதிக்க வேண்டியவர், கையைக்கூடக் காட்டாமல் ஒரு சந்துக்குள் திரும்பினார். ஒரு வீட்டு வாசலில் இறங்கிப் பையைத் திறந்தார். உள்ளே அக்காவின் கல்யாணப் பத்திரிகைகள். கூடவே சில்வர் தட்டு, குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு.

"என்னப்பா இது?"

"எப்படியும் நூறு கிலோமீட்டர் சும்மாதானே சுத்தப் போற? அப்படியே நம்ம ஆளுங்களுக்குப் பத்திரிகை வெச்சுட்டா ஒரு வேலை முடியும்ல."

சும்மாவாம்! எங்கள் சைக்கிள் குழு அடுத்த ஞாயிறு புதுச்சேரி போகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். கடைசி நாள் இன்று. போன வாரம் மழை, அதற்கு முந்தைய வாரம் பரீட்சை. ஹைவேயில் தனியாக விடமாட்டேன் என்று வீட்டில் சொன்னதால்தான் அப்பாவைக் கூட்டி வந்ததே. ஆவடி பேக்டரிக்கு ரிட்டையர் ஆகும்வரை சைக்கிளில் போனவர், சமாளித்துவிடுவார் என்று நம்பினேன்.

"சரி, சீக்கிரம் குடுத்துட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

"ஒத்த ஆளா போய்ப் பத்திரிகை வெச்சா மரியாதையா? அம்மாவுக்கு முட்டி வலி. நீதான் வரணும்."

ஆக, தொடையைக் கவ்விப் பிடிக்கும் சைக்கிள் டவுசரும் தலையில் ஹெல்மெட்டுமாக நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்த அப்பாவின் பழைய சிநேகிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, பத்திரிகை வெக்க வந்தியா, ஒலிம்பிக்குக்குப் போறியா? பொண்ணு இன்னா இந்தக் கெட்டப்புல கீது?"

"சைக்கிள் ஓட்டுது."

"அத்தான் தெரியுதே! உள்ள வாம்மா. ஏய், காப்பி போடு!"

பத்திரிகை வைப்பது என்றால் கையில் கொடுத்துவிட்டு ஓடிவருவது இல்லை. உட்கார வேண்டும். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு எந்த பஸ் என்று விளக்க வேண்டும். கொடுப்பதைக் குடிக்க வேண்டும். எழுந்த பிறகு வாசலில் நின்று இன்னொரு முறை முழுவதும் பேச வேண்டும். "அடுத்து இவளுக்குத்தானே?" என்ற கேள்விக்கு நான் சிரிக்கவும் வேண்டும்.

முத்தாபுதுப்பேட்டையில் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தோம். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுக்குப் போனால் எதிர்வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், எதிர்வீட்டுக்குப் போனால் மாடிவீட்டுக்காரர். சோபாவில் உட்காரும்போதெல்லாம் கால் விறைத்துக்கொண்டது. வயிற்றுக்குள் காப்பியும் பூஸ்டும் ரோஸ்மில்க்கும் குலுங்கின. மறுபடி சீட்டில் ஏறி மூச்சு ஒரு தாளத்துக்கு வரும் நேரத்தில் முன்னால் அப்பாவின் கை உயரும். அடுத்த வீடு.

பூந்தமல்லி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அடுத்துப் போக வேண்டிய வீடு எதிரிலேயே இருக்கிறது. அப்பாவோ பெட்டிக்கடை நிழலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

"என்னாச்சு?"

"எமகண்டம். ஒன்றரை வரைக்கும் பத்திரிகை வைக்கக் கூடாது."

"அப்பா, நான் இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும்!"

"எமகண்டத்துல வெச்சு அக்காவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அந்த வீட்டு மாமி பால்கனியில் நின்று, "மேல வாங்கண்ணே!" என்று கை ஆட்டினார். அப்பா கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். மாமிக்கு உடனே புரிந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், எங்களுக்கு மோர் கொடுத்தனுப்பினார். நான் அந்த மோரை முறைத்துப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

கடைசி வீடு திருமழிசையில். அதற்குள் மணி மூன்று. என் மீட்டரில் ஐம்பதுகூட ஆகவில்லை. பத்திரிகை வைத்து முடித்ததுமே சொன்னேன். "நீங்க இங்கேயே இருங்க. நான் ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுட்டு வரேன். அப்புறம் சேர்ந்து வீட்டுக்குப் போனா நூறு வந்துடும்."

"ஹைவேல தனியாவா? அதெல்லாம் வேணாம் பாப்பா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான், நான் வெடித்தேன். முன்பின் தெரியாதவர்கள் வீட்டு ஹாலில் நின்று கத்தினேன். "காலைலேர்ந்து தட்டு தூக்கினேன். எல்லாரும் குடுத்ததையும் குடிச்சேன். உங்க வேலை முடிஞ்சுது, என் வேலை அடுத்த மாசமா?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அந்த வீட்டு அம்மாதான், "விடுங்கண்ணே, போய்ட்டு வரட்டும், வெளிச்சம் இருக்கே" என்றார்.

போனேன். எதிர்க்காற்று, கன்டெய்னர் லாரி, புழுதி. ஆனாலும் யாரும் முன்னால் கை தூக்கவில்லை. தூக்குவதற்குப் பதில் அப்பா போன் செய்தார். செம்பரம்பாக்கத்தில் ஒன்று, சுங்கச்சாவடி தாண்டி ஒன்று, திரும்பும்போது மூன்று. எடுக்காவிட்டால் விடமாட்டார் என்பதால் ஒவ்வொரு முறையும் ஓரம் கட்டி, "உயிரோடதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திருமழிசைக்குத் திரும்பியபோது மீட்டரில் எண்பத்தைந்து. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குப் போகிற தூரம் மிச்சக் கணக்குக்குப் போதும். வாசலில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றது. அதில் அப்பாவின் சைக்கிள் ஏற்கெனவே படுத்திருந்தது.

"கெண்டைக்கால் பிடிச்சுகிச்சு பாப்பா, மிதிக்க முடியல. உன் சைக்கிளையும் ஏத்து. நீயும் களைச்சுப் போயிருப்ப, அதான் வண்டி சொன்னேன்."

கண்ணில் நீர் முட்டிவிட்டது. "நீங்க ஏறிப் போங்க. நான் ஓட்டிட்டுதான் வருவேன்."

"இருட்டுலயா? அப்ப நாங்க பின்னாடியே வரோம்."

வந்தார்கள். பூந்தமல்லி நெரிசலிலும் வானகரம் திருப்பத்திலும் என் முதுகுக்குப் பின்னால் அந்த வண்டியின் விளக்கு. அப்பா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, "லெஃப்ட்ல பஸ்! பள்ளம், பள்ளம்! மெதுவா!" என்று ஓயாமல் கத்தினார். நடுநடுவே டிரைவரின் குரல்: "சார், உன் பொண்ணு ஊர்வலம் போவுது, எனுக்குப் பின்னாடி எல்லாம் திட்டிகினு வர்றானுங்கோ. கொஞ்சம் மிதிக்கச் சொல்லு சார்!"

"அதுக்கு கால் வலிக்குதுய்யா. காலைலேர்ந்து ஓட்டுது."

"அப்ப வண்டில ஏத்து!"

"ஏறாது. நீ ஓட்டு."

அயனம்பாக்கம் பக்கம் அவர் மறுபடி "பள்ளம்!" என்றார். பள்ளமே இல்லை. நான் தலையைத் திருப்பி, "அப்பா, இந்த ரோட்டை நான் தினம் பாக்கிறேன்! கொஞ்சம் வாயை மூடிட்டு வரீங்களா?" என்று கத்தினேன். அவரும் கத்தினார். "முன்னாடி பாத்து ஓட்டுடி!" டிரைவர் ஹாரனை அழுத்தினான். அதற்கும் சேர்த்து நான் கத்தினேன். ஏரிக்கரை கடைகளில் நின்றவர்கள் எங்களைத்தான் பார்த்தார்கள்.

சண்டை ஓய்ந்து மீட்டரைப் பார்த்தபோது நூறைத் தாண்டி அரை கிலோமீட்டர் ஓடியிருந்தது. அந்த நூறு என்ற எண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும், அந்த நொடியில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தபோது அது போய்விட்டது. ஓரமாக நிறுத்தி, குட்டியானையின் விளக்கு வெளிச்சத்தில், நூறு புள்ளி ஐந்து என்று காட்டிய மீட்டரைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன்.

"வந்துடுச்சா?" என்றார் அப்பா வண்டிக்குள் இருந்து.

"வந்துடுச்சு."

"அப்ப ஏத்து சைக்கிளை. டிரைவருக்குப் பசிக்குதாம்."