வெண்கல நிறத்தில் நான்கு சக்கரங்கள்

இதைச் சொல்ல ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். ஆனால் நடந்தது நடந்ததுதான். தேதியும் மணியும் இன்னும் என் போனில் அழியாமல் இருக்கின்றன.

என் பெயர் தோரிகோஷி. குன்மா மாகாணத்தில் மலையடிவாரத்தில் குழாய் வேலை செய்கிறவன். குஜிராய் என் பள்ளிக்கூட நண்பன். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி சின்ன ஜீப், ஒரே காக்கி நிறம். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பாதைகளில் ஓட்டுவோம். ஒரே மாதிரி என்று பேர்தான். அவனுடையது எப்போதும் ஒரு படி மேலே இருக்கும். நான் விளக்கு மாற்றினால், மறு வாரமே அதைவிடப் பெரிய விளக்கோடு வந்து நிற்பான். எல்லோரும் அவன் வண்டியைத்தான் படம் எடுப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே ஓரமாக நிற்பேன். வயிறு எரியும்.

போன வருடம், நவம்பர் கடைசி சனிக்கிழமை. மாயேபாஷி நகரத்துக்கு வெளியே ஒரு பழைய சக்கரக் கடைக்கு இரண்டு பேரும் அவரவர் வண்டியில் போனோம். மொகி என்ற அம்மாளின் கடை. கூரை வரை அலாய் வீல்கள். ஆனால் எங்கள் ஜீப்புக்கு லேசில் எதுவும் பொருந்தாது. ஐந்து துளை வேண்டும். துளைகளின் இடைவெளி இம்மி பிசகக் கூடாது. சக்கரம் வெளியே துருத்தினால் அரசு வாகனச் சோதனையில் தள்ளிவிடுவார்கள். உள்ளே போனால் உரசும்.

"டேய், இங்க வா!" குஜிராய் மூலையிலிருந்து கத்தினான்.

வெண்கல நிறம். டயரோடு. கல்லும் சேறும் தின்றாலும் அசராத தடித்த ஆரக்கால்கள்.

"இதைத்தான்டா ரெண்டு வருஷமா தேடிக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் பாத்துக்கோ. ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

மனைவியிடம் அனுமதி கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

நான் ஒவ்வொன்றாக வெளியே இழுத்தேன். தரையில் உருட்டிப் பார்த்தேன். கோணல் இல்லை. உள்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். இல்லை. துளைகளை அளந்தேன். அச்சாகப் பொருந்தியது. நான்கையும் பார்த்து முடித்தபோது எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. இவை அவன் வண்டியில் ஏறக் கூடாது.

மொகி அம்மாளிடம் போனேன். "அந்த மூலையில இருக்கிற வெண்கலச் சக்கரம் எல்லாத்தையும் எடுத்துக்கறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"வித்ததைத் திரும்ப எடுக்க மாட்டேன். சரியா?"

தலையாட்டினேன். அவர் நீட்டிய ரசீதைப் பார்க்காமலே சட்டைப் பையில் திணித்தேன்.

குஜிராய் திரும்பி வந்தபோது நான் எல்லாவற்றையும் ஏற்றி, வண்டியின் பின்கதவைச் சாத்தியிருந்தேன்.

"நான்தானேடா முதல்ல பாத்தேன்?"

"கண்ணால பாத்துட்டா உன்னுதாயிடுமா?"

அவன் விறுவிறுவென்று திரும்பி நடந்தான். தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முதல் முறையாக அவனை ஜெயித்திருந்தேன். மறுநாள் காலை நானே சக்கரங்களை மாட்டினேன். ஒரு வாரம் தினமும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு. மாலை 3:40. தனியாகக் காட்டுப் பாதையில் ஏறினேன். அந்த வருடத்தின் முதல் வெண்பனி, தரையில் மெல்லிசாகப் படிந்திருந்தது.

4:05. மூடுபனி இறங்கியது.

4:11. எனக்கு முன்னால் இரண்டு சிவப்பு விளக்குகள். நெருங்கினேன். காக்கி ஜீப். அதில்... வெண்கலச் சக்கரங்கள்.

அதே சக்கரங்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே வாரத்தில் இவனுக்கு எங்கே கிடைத்தது? இதில்கூட என்னை விடமாட்டானா? ஹாரனை இரண்டு முறை அடித்தேன்.

ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. வா, வா என்று அசைந்தது.

விரட்டினேன். பாதை முழுக்கக் குழி. என் தலை கூரையில் இடித்தது. முன்னால் போன வண்டி மட்டும் கொஞ்சமும் குலுங்கவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்தும் விடவில்லை... அவ்வளவு பொறாமை.

4:19. ரேடியோவை அணைத்தேன். ஒரே ஒரு எஞ்சின் சத்தம்தான் கேட்டது.

என்னுடையது.

4:23. கை இன்னும் வெளியே இருந்தது. வா... வா... வளைவுகளில் திரும்பும்போதும் அது நிற்கவில்லை.

4:26. போன் அடித்தது. திரையில் பெயர்.

குஜிராய்.

"திருட்டுப் பயலே! ஒரு வாரமா எனக்குத் தூக்கம் வரலடா! அந்தச் சக்கரத்தை நினைச்சாலே..."

"நீ... எங்க இருக்கே?"

"வீட்டுலதான், ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு. பேச்சை மாத்தாத!"

பின்னால் அவன் மகள் சிரிக்கும் சத்தம்.

பிரேக்கை மிதித்தேன்.

க்ர்ர்ர்ச்...

முன்னால் வண்டி இல்லை.

மூடுபனி கொஞ்சம் விலகியது.

பாதையும் இல்லை.

மழையில் அரித்துப்போன பள்ளத்தின் விளிம்பு. என் பம்பரிலிருந்து இரண்டடி.

இறங்கிப் பார்த்தேன். விளிம்பு வரை பனி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. ஒரு டயர் தடம்கூட இல்லை.

"டேய்? டேய், லைன்ல இருக்கியா?"

திட்டுவதற்காகத்தான் அவன் கூப்பிட்டான். அவன் பொறாமைதான் அன்று என்னைக் காப்பாற்றியது.

மறுநாள் திங்கட்கிழமை. குஜிராயைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கே வண்டியை ஓட்டிப் போனேன். காசு வேண்டாம், சக்கரங்கள் ஒழிந்தால் போதும்.

"திரும்ப எடுக்க மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே," என்றபடி மொகி அம்மாள் வண்டியைச் சுற்றி வந்தார். இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இந்த நாலாவதை எங்க வாங்கினீங்க?"

"இங்கதான்."

"நான் உங்களுக்கு வித்தது மூணு."

கல்லாவிலிருந்து ரசீது நகலை எடுத்து வந்து காட்டினார். மூன்று.

"மூணை வச்சுக்கிட்டு இவர் என்ன பண்ணப் போறாருன்னு அன்னிக்கே நினைச்சேன். வித்தாப் போதும்னு கேக்கல."

நான் குஜிராயைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது.

"மூணுதான்டா இருந்துச்சு," என்றான் மெதுவாக. "அதனாலதானே நான் வெளியே போனேன். நாலாவது வேற கடையில கிடைக்குமான்னு கேக்க."

குனிந்து அந்தச் சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தேன். முழுக்கப் பாசி. ஒன்பது நாளுக்கு முன் அதே இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தவன் நான்.

"இதெல்லாம் எந்த வண்டியோடது?" என்று கேட்டேன்.

"உடைசல் கிடங்கிலேர்ந்து வந்தது. மலையில பள்ளத்துல விழுந்த ஜீப்பு. காக்கி நிறம். மூணு சக்கரத்தோடதான் தூக்கினாங்களாம். நாலாவதை எவ்வளவு தேடியும் கிடைக்கலையாம்."

"ஓட்டினவர்?"

அவர் ரசீது நகலை மடித்தார்.

"அவரும்தான்."