அடிபடாமல் விளையாட வைக்கிற வேலை

கல்லூரியில் காய்ச்சல் வந்தால் டாக்டரைத் தேடுவார்கள். கால் சுளுக்கினால் உடற்கல்வி இயக்குநரைத் தேடுவார்கள், அதுவும் திட்டுவதற்காக. எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு கல்லூரியில் அந்த வேலையில் சேர்ந்தேன். காகிதத்தில் இயக்குநர், ஊருக்கு டிரில் மாஸ்டர். பிள்ளைகளை விளையாடவும் வைக்க வேண்டும், முழுசாக வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். பொறுப்பு மலையளவு, அதிகாரம் ஒரு விசில் என்று காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஈட்டி

முதல் வருஷ விளையாட்டு விழாவில் ஒருவன் எறிந்த ஈட்டி எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய், வேலியோரம் மேய்ந்த ஆட்டுக்குப் பக்கத்தில் குத்தி நின்றது. ஆடு ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. மறுநாளே எறியும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினேன். முதல்வர் வந்து கயிற்றைப் பார்த்தார். அவருக்குத் திருப்தியில்லை.

“ஏன் சார், ஈட்டியை எறிஞ்சே ஆகணுமா? யாரு நேரா நட்டு வைக்கிறான்னு போட்டி வச்சாப் பத்தாதா?”

மயக்கம்

கபடிப் பயிற்சியில் பாடிப் போன ராசு என்ற பையன் நடுக்கோட்டிலேயே சரிந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பி விசாரித்தால், சிலமலையிலிருந்து வெறும் வயிற்றோடு முதல் பஸ்சில் வந்திருக்கிறான். வயிறு காலியாக இருந்தால் உடம்பு லேசாக ஓடுமாம். அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டேன்: சாப்பாட்டைக் கொண்டுவந்து என் கண்முன் சாப்பிட்ட பிறகுதான் கோட்டுக்குள் கால் வைக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் அவன் அம்மா வந்து நின்றார். சண்டைதான் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

“நான் தட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடுனாலும் திங்க மாட்டான் சார். ஞாயித்துக்கிழமையும் வீட்டுக்கு வந்து விசிலை ஒரு ஊது ஊதிட்டுப் போங்க.”

குரங்கணி

ஒரு ஐப்பசியில் மாணவர்களைக் குரங்கணியிலிருந்து மலையேறக் கூட்டிப் போனேன். பாதி வழியில் மேகம் இறங்கி, முன்னால் போகிறவன் சட்டைகூடத் தெரியவில்லை. “இன்னுங் கொஞ்சந்தான் சார்” என்று கெஞ்சினார்கள். வந்த வழியே திரும்பச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள்.

இறங்கும்போது மழை பிடித்தது. காலையில் செருப்பைக் கையில் பிடித்துக் கடந்த ஓடை, இப்போது கல்லை உருட்டிக்கொண்டு ஓடியது. தாண்டிவிடலாம் என்று இரண்டு பேர் பேன்ட்டை மடித்தார்கள். விசிலை ஊதி, எல்லோரையும் பக்கத்து ஏலத்தோட்டக் கொட்டகைக்குள் தள்ளினேன். காய் எடுத்து முடித்த பெண்களும் அங்கேதான் வெள்ளம் வடியக் காத்திருந்தார்கள். ஒரு அம்மா கட்டன் காப்பி கொடுத்தபடி, என்ன சோலியாக வந்தோம் என்று கேட்டார். சோலி ஒன்றும் இல்லை, சும்மா ஏற வந்தோம் என்றான் ஒருவன்.

“சும்மாவா ஏறுனீக? நாங்க எப்படா இறங்குவோம்னு உக்காந்திருக்கோம்.”

ஜீப்பு நிற்கும் இடம்

விளையாட வராதவர்களையும் நான்தான் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. செல்வம் கேரளப் பக்கத்து மலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் சேர்ந்தவன். பேச்சில் மலையாளம் கலக்கும். மற்றவர்கள் அதைக் கேலியாகப் பேசிக் காட்டியதில் பேச்சையே நிறுத்திவிட்டான், சாப்பாடும் குறைந்தது. சாயங்காலமானால் போடிமெட்டு ஜீப்புகள் கிளம்பும் இடத்தில் போய் நிற்பான். என்றாவது ஏறி வீட்டுக்கே போய்விடுவான் என்று எனக்குப் பயம். புத்தி சொல்லவில்லை. “வாலிபாலுக்கு ஆள் குறையுது, வெரசா வா” என்று மட்டும் கூப்பிட்டேன்.

வந்தான், பேசாமலே ஆடினான். அவன் அடித்த பந்தை எடுக்க எதிரணியில் ஆளில்லை. பேசிக் காட்டியவர்களே “செல்வம், நீ எடு, நீ எடு” என்று கத்த ஆரம்பித்தார்கள். அவனும் திருப்பிக் கத்தினான்.

முன்பு எப்போதோ வந்து கூட்டிப் போகச் சொல்லி எழுதியிருப்பான் போல; ஒருநாள் அவன் அப்பா வந்து மைதானத்து ஓரத்தில் நின்றார். கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் வந்தேன் சாரே. கூப்பிட்டேன், கொறச்சு நேரம் கழிஞ்சு வர்றேன்னுட்டுப் பந்தெடுக்கப் போயிட்டான்.”

அசம்பாவிதம் ஏதும் நடக்கவில்லை என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் செய்த சாதனை. நடக்காததற்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை என்றாலும், தூக்கம் நன்றாக வந்தது.