தொங்கு பாலத்தில் ஒரு சஹன்

எங்கள் வீடு உக்குவளையில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் சுது கங்கை. இந்த ஆற்றையும் இதற்கு அப்பாலுள்ள மலைகளையும் பார்க்க எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மாத்தளைக் கடைவீதியில் என் பிளாஸ்டிக் சாமான் கடைக்கு முன்னால் நின்று, ரிவர்ஸ்டன் மலைக்கு எப்படிப் போவது என்று வெள்ளைக்காரர்கள் கேட்பார்கள். நான் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி இரத்தோட்டை பஸ்ஸைக் காட்டுவேன். மேலே காற்று ஆளையே தூக்கும், தொப்பியைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தும் அனுப்புவேன். அந்தக் காற்று ஒருநாளும் என் மேல் பட்டதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியும் நான் ஓர் அருவியைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனால் ஊர்ப் பெருமை பேசுவதற்கு அதெல்லாம் எதற்கு?

அந்தப் பெருமைதான் என்னைக் கொழும்பில் ஒரு கல்யாண வீட்டில் மாட்டிவிட்டது. என் மனைவியின் நாநா, அதாவது அண்ணன், என் மூத்த மச்சான், தன் கடைசி மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். சாப்பாடு சஹனில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சஹன் என்பது நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டம். அவரவர் தம் பக்கத்துச் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். நடுவிலுள்ள இறைச்சியைப் பிய்த்து மற்றவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. மச்சான் என்னைக் கூப்பிட்டுத் தன் சஹனிலேயே, தனக்கு நேரெதிரே உட்கார வைத்தார். பிஸ்மி சொல்லி முதல் பிடியும் வைத்தாயிற்று. அப்போது யாரோ எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டார்கள்.

“மாத்தளையில என்ன ஈக்கு? மிளகும் அட்டையும் தானே!” என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஈரலைப் பார்த்துக் கையை நீட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “பம்பரகிரி எல்லயப் பாத்தீக்கிறீங்களா? ரிவர்ஸ்டன்ல ஏறி நிண்டீக்கிறீங்களா? சேர எல்லக்குப் பொறத்தால போய் தண்ணி உழுறதப் பாத்தீக்கிறீங்களா?” என்று எங்கள் பக்கத்து அருவிகளையும் மலையையும் அடுக்கி, சோற்றுக் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன்.

மச்சான் அமைதியாக, “நீங்க போயீக்கிறீங்களா?” என்றார்.

இதைவிட நியாயமான கேள்வி உலகத்தில் இல்லை. நான் எழுந்து கையைக் கழுவிவிட்டு, மனைவியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைசியில் வரும் இனிப்பான வட்டிலப்பம்கூடச் சாப்பிடவில்லை. அது எனக்கு இன்றுவரை கவலைதான்.

அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் போயிற்று. பெருநாளைக்கு மனைவி நாநாவோடு பேச போனைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போவாள். ஆற்றுச் சத்தத்தில் அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்காது. அழுதுவிட்டு வருகிறாள் என்பது மட்டும் முகத்தில் தெரியும். நான் பார்க்காதது போல டீவியைப் பார்ப்பேன். மச்சான் முதலில் பேசட்டும் என்பது என் கொள்கை. நான் முதலில் பேசட்டும் என்பது அவர் கொள்கை என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த வருடம் மச்சானுக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தது. போகுமுன் சொந்தபந்தங்களைத் தேடிப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டு விடைபெறுவது எங்கள் வழக்கம். அதனால் மச்சான் குடும்பத்தோடு ஒரு வேனில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கச்சியிடம் கேட்டார், என் மகளிடம் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டார். என் முன்னால் வந்ததும் மேலே சுழலும் மின்விசிறியை உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் சுழன்றது. மச்சானின் மனைவி, “எல்லாருக்கும் சேத்துத்தான் கேக்கிறாரு” என்று சமாளித்தார்.

அன்றிரவு மனைவி என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். “நாளைக்குப் பொழுதுபட நாநா போயிருவாரு. மக்காவுக்குப் போறவரு. போன எடத்துல என்ன நடக்குமோ அல்லாஹ்தான் அறிவான். அதுக்கு முந்தி நீங்க ரெண்டு பேரும் ஒரு சஹன்ல உட்கார்ந்து சாப்பிடுறத நான் பாக்கணும்.”

எனக்கும் அதே ஆசைதான் இருந்தது. மச்சான் இல்லாத கல்யாண வீடுகளில் எனக்குச் சோறு ருசிக்கவில்லை. ஆனால் வாயைத் திறப்பதற்கு ஒரு வழி வேண்டுமே.

வழியைக் கண்டுபிடித்தது என் மகள். எல்லோரும் பம்பரகிரி எல்ல அருவிக்குப் போய், அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றாள். உள்ளூர்க்காரன் என்ற முறையில் நான்தான் வழிகாட்டி. மறுநாள் காலையிலேயே மாத்தளையில் வாங்கிய மலையேறும் சப்பாத்து, ஊன்றுகோல், விசில், கயிறு எல்லாவற்றோடும் புறப்பட்டேன். அட்டைக் கடிக்குப் பயந்து காலுறைக்குள் முழங்கால்வரை சவுக்காரம் பூசியிருந்தேன். இரத்தோட்டை தாண்டி வேன் நின்ற இடத்திலிருந்து அருவிக்குச் சின்னதாக ஒரு நடைதான். மச்சானின் பேரப்பிள்ளைகள் ரப்பர் செருப்போடு என்னைத் தாண்டி ஓடினார்கள். வியர்வையில் சவுக்காரம் நுரைத்துச் சப்பாத்துக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. “வாப்பா, உங்கட கால்லயும் ஒரு அருவி” என்றாள் மகள்.

என் கையில் சஹன் இருந்தது. அதை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே பெரிய தட்டம். அணைத்துப் பிடித்தால் மோவாய் மறையும். தலையில் வைத்தால் வழி மறையும். இன்று இதில் என்னவோ நடக்கப்போகிறது, அது என் கையால் நடக்கட்டும் என்று நினைத்தேன்.

அருவிக்கு முன்னால் ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். கீழே பச்சைத் தண்ணீர், பெரிய பெரிய பாறைகள். எல்லோரும் கலகலவென்று தாண்டி அக்கரைக்குப் போய்விட்டார்கள். மச்சானும் போய்விட்டார், சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி. கடைசியாக நான் ஏறினேன்.

நடுப்பாலம்வரை பிழையில்லை. பிறகு பலகைகளுக்கிடையில் தண்ணீர் ஓடுவது கண்ணில் பட்டது. தண்ணீர் ஓடுகிறதா, நான் ஓடுகிறேனா என்று புரியவில்லை. பாலம் ஆடியது. கம்பியைப் பிடிக்க வேண்டும். பிடிக்கக் கையில்லை, இரண்டு கையாலும் சஹனைக் கட்டிப்பிடித்திருக்கிறேன். கால் நகர மறுத்தது. எனக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசையே சேர்ந்துவிட்டது. “மஹத்தயா, யன்னக்கோ!” என்று ஒரு பெண் பொறுமையிழந்து சிங்களத்தில் போகச் சொன்னார். அவருக்குப் பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். கயிறும் விசிலும் பத்திரமாக என் பையிலேயே இருந்தன.

அக்கரையில் மச்சான் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இரண்டு வருடக் கொள்கை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. பாலம் இன்னொரு முறை ஆடியதுதான் தாமதம், கொள்கை எங்கேயோ போய்விட்டது.

“மச்சான்!” என்று கத்தினேன். அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்க வேண்டும். அவர் உடனே பாலத்தில் ஏறி என்னிடம் வந்துவிட்டார்.

“சஹன விட்டுட்டுக் கம்பியப் புடிங்க.”

“சஹன் உழுந்திரும்.”

“உழட்டுமே!”

“உழுந்தா என்னத்துல சாப்பிடுற?”

மச்சான் சஹனின் அந்தப் பக்க விளிம்பை ஒரு கையால் பிடித்தார். “நீங்களும் ஒரு கையால புடிங்க. மத்தக் கை கம்பியில. தண்ணியப் பாக்காதீங்க, என்னப் பாருங்க.” அப்படியே பின்னுக்கு நடக்கத் தொடங்கினார். அவர் பின்னால் அடியெடுக்க, நான் முன்னால் அடியெடுக்க, நடுவில் வெறும் சஹன். வேறு எங்கும் பார்க்க முடியாததால் அவர் முகத்தையே பார்த்தேன். தாடி முழுக்க நரைத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பாதி கறுப்பாக இருந்த தாடி.

அக்கரையில் பாறை மேல் பாய் விரித்து, சஹனை நடுவில் வைத்து, கையைக் கழுவி உட்கார்ந்தோம். மனைவி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

“சரி, சோத்த எடுங்க” என்றார் மச்சான்.

“சோறு உங்கள்ட்டத்தானே?” என்றேன் நான்.

“என்னட்டயா? உள்ளூர்க்காரரு நீங்க கொண்டு வருவீங்கண்டு நான் நெனச்சேன்.”

நெய்ச்சோற்றுச் சட்டி, கோழி, ஈரல், புதினாச் சம்பல் எல்லாம் வேனிலேயே இருந்தன. பெரியவர்கள் இருவரில் ஒருவர் தூக்கிவிட்டார் என்று மற்றவர் நினைத்திருக்கிறார். பேச்சுவார்த்தை இருந்தால் கேட்டிருக்கலாம். வெறும் தட்டத்துக்காகத்தான் நான் உயிரைக் கையில் பிடித்திருக்கிறேன். மனைவி பாறையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அவள் அழுகிறாளா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

திரும்பவும் பாலம். மச்சான் சஹனின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். இந்த முறை எனக்குப் பின்னால் வரிசை இன்னும் நீளம். மச்சான் எல்லோரிடமும் கொழும்புச் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டபடியே பின்னுக்கு நடந்தார். ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டுத் திரிகிற மனிதருக்கு இது ஒரு பாரமாகவே தெரியவில்லை.

வேன் பக்கத்தில், சோளப்பொத்தி அவிக்கிறவரின் அடுப்புப் புகைக்கு நடுவே, பாயை விரித்தோம். அருவி அங்கிருந்து தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. மச்சானும் அவர் மருமகனும் மகனும் நானும் சுற்றி உட்கார்ந்தோம். அன்று போலவே எனக்கு நேரெதிரே மச்சான். பிஸ்மி சொன்னோம். அவர் ஈரலில் பெரிய துண்டாகப் பார்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். என் காலுறைக்குள் ஓர் அட்டை சவுக்காரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வேலையைத் தொடங்கியிருந்தது. இந்த முறை எழும்பக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல், மச்சான் மெதுவாகச் சொன்னார்:

“அண்டைக்கு நீங்க எழும்பிப் போன பொறகு, உங்கட பக்கத்துச் சோத்த நான் ஒருத்தரையும் தொட விடல்ல மச்சான். நீங்க கையக் கழுவிட்டுத் திரும்பி வருவீங்கண்டு பாத்துட்டே இருந்தேன்.”

என் பக்கத்துச் சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டேன். பிறகு கையை நீட்டி அவர் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.