சதுரத்துக்கு வெளியே

காலை ஒன்பது நாற்பதுக்கு, பாளையங்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனைத் திரையில், என் இடது விழித்திரையின் ரத்தக் குழாய்களை முதன்முதலாகப் பார்த்தேன். ஊசி எதுவும் போடாமல், ஒளியை மட்டும் செலுத்தி எடுத்த ஸ்கேன் அது. கறுப்புச் சதுரத்துக்குள் வெள்ளைக் குழாய்கள் அறுபடாமல் ஓடின.

"படம் நல்லாருக்கு அண்ணாச்சி" என்றார் ஸ்கேன் எடுத்த பெண்.

பல வருடச் சர்க்கரை நோயாளி நான். ஒரு மாதமாக அந்தக் கண்ணில் கரும்புள்ளிகள் மிதந்தன. நாளிதழில் முப்பது வருடம் படங்களை வெட்டிச் சுருக்கியவன் என்பதால், சதுரத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"இதுல நடுப்பகுதிதான் வரும். குழாய் கசிஞ்சாலும் தெரியாது. அதுக்குக் கையில சாயம் ஏத்திப் படம் எடுக்கணும். சிலருக்கு வாந்தி வரும்."

"ஏத்துங்க."

"நல்லாருக்குன்னு சொன்னாலும் நம்ப மாட்டிய" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி. "பேப்பர்க்காரப் புத்தி."

"வெட்டுன படத்த நம்பி வீட்டுக்கு வர மாட்டேன்."

டாக்டர் அவசரமில்லை என்றார். எனக்கு அவசரம் என்றேன். ஒப்புதல் தாளை நானே கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டேன்.

மஞ்சள் சாயம் நரம்பில் ஏறியதும் குமட்டியது. ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி தாடையைக் கேமராவில் வைத்தேன். நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. திரையில் குழாய்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. ஸ்கேன் எட்டாத கீழ் ஓரத்தில், சாயம் கசிந்து, ஒரு வெள்ளைக் கறை படத்துக்குப் படம் பெரிதாகிக்கொண்டே போனது.

வியாழக்கிழமை அந்த இடத்தில் லேசர் வைத்தார்கள்.