பெஞ்சுத் தலைவர்

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதின்மூன்றாம் திகதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். மாத்தளையில் எங்கள் வீட்டு முன்னறையில் அப்பா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். அதை உடனே வைக்காமல் சற்று நேரம் கையிலேயே பிடித்திருந்தார். சுவர்க் கடிகாரம் அவர் தலைக்கு நேர் மேலே இருந்ததால் நேரம் எனக்கு நினைவிருக்கிறது. போயா என்னும் பௌர்ணமி விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த நான், அப்பாவைப் பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த அறையில் காலை வேளையில் அந்நியர் இல்லாத நாள் இருந்ததில்லை. அப்பா முதலில் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தார்; பிறகு பல ஆண்டுகள் பிரதேச சபை உறுப்பினர்; அதன் பிறகு மாகாண சபை உறுப்பினர். பதவிகள் மாறினாலும் வருகிறவர்கள் மாறவில்லை. தண்ணீர்க் குழாய், பிறப்புச் சான்றிதழ், பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி, லயத்து வரிசை வீட்டுக் கூரைக்குத் தகரம் என்று எதையாவது கேட்டு வருவார்கள். அப்பா கேட்டுவிட்டுத் தொலைபேசியில் யாரிடமாவது பேசுவார். பிறகு, “சொல்லிட்டேன், போங்க” என்பார்.

இந்த இரண்டு சொற்களும் எனக்குப் பிடிக்காதவை. தெருவிளக்குக்கும் பாடசாலை அனுமதிக்கும் அவை போதுமானவையாக இருந்தன. பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளுக்காக வந்த தாய்மாருக்கு அவை போதவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். அவர்கள் மறுபடி மறுபடி வந்தார்கள்.

ஆனால் லயங்களில் வயதானவர்கள் அப்பாவை வேறொரு பெயரால் அறிந்திருந்தார்கள். தேர்தல் காலங்களில் அவரோடு போகும்போது, “அட, நம்ம பெஞ்சுத் தலைவர் வந்திருக்காரு!” என்று யாராவது கூவுவார்கள். எழுபதுகளில், மாவுப் பங்கீடு குறைந்து லயங்கள் பட்டினி கிடந்த காலத்தில், இளைஞரான அப்பா தோட்ட அலுவலகத்தின் முன்னிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாராம். என்ன வேண்டும் என்று துரை கேட்டதற்கு, “ஒண்ணும் வேணாங்க தொர. மாவு வந்ததும் எந்திரிச்சிருவேன்” என்றாராம். அவருடைய அரசியல் அவ்வளவுதான். பேச்சில் அவருக்குத் திறமையில்லை. மேடையில் அவர் பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதிலும் பாதி மைக்கைச் சரிசெய்வதில் போகும். யாருக்காவது ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு மாவட்டக் கச்சேரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ பொலிசுக்கோ போவார், அங்கே இருக்கும் பெஞ்சில் உட்கார்வார், ஆகும்வரை எழுந்திருக்கமாட்டார்.

இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பும் கைக்குழந்தையாக இருந்தபோதும் நடந்தவை. ஏன் நின்றுபோயின என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன்.

“மெம்பர் ஆனதும் போன் வந்துச்சு. போன் வந்ததும் கால்வலி வந்துச்சு” என்றார் அம்மா. நானும் அதை நம்பியிருந்தேன்.

அன்று காலை வந்திருந்தவர், அப்பா பிறந்து, தலைவராகவும் இருந்த அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அவருடைய மகன் தம்புள்ளைச் சந்தையில் லொறிகளுக்கு மரக்கறி மூட்டை ஏற்றுபவன். மூன்று நாட்களுக்கு முன் போர்க்காலச் சுற்றிவளைப்பு ஒன்றில் அவனை அவன் தங்கியிருந்த அறையிலிருந்து பொலிசார் கூட்டிப்போயிருந்தார்கள். அறையிலிருந்த மற்றவன் பின்னாலேயே போய், எந்த நிலையம் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தான். தாய் அங்கே போனபோது, அப்படி ஒருவன் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவின் தொலைபேசிக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

“இல்லைன்னு சொல்றாங்க” என்றார் அப்பா. பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, “கூட இருந்த பையன் கண்ணால பார்த்தானா?” என்று கேட்டார்.

“பார்த்தாங்கய்யா. உள்ளுக்குக் கொண்டுபோறதப் பார்த்துட்டுத்தான் வந்தான்.”

வழக்கமான இரண்டு சொற்களுக்காக நான் காத்திருந்தேன். அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, “புள்ள, என் செருப்ப எடு” என்றார்.

அம்மா குசினியிலிருந்து வந்துவிட்டார். “எங்க கெளம்புறீங்க? மூணு மணிக்குக் கூட்டம்.”

“தெரியும்.”

“மாகாண சபை எலெக்சனுக்கு யாரு யாருன்னு இன்னைக்குத்தானே முடிவு பண்றாங்க? சபை வேனையும் கட்சித் தலைவரக் கூட்டிட்டு வரக் குடுத்தாச்சு.”

“பஸ் இருக்குல்ல.”

அம்மா உள்ளே திரும்பிப் போனார். ரொட்டியும் சம்பலும் கட்டி என் கையில் தந்தார். “சீனி வருத்தக்காரன் போற போக்கப் பாரு. நீயும் கூடப் போ. சாப்பிட்டதும் மாத்திரை. மறந்துட்டேன்னு வந்து நிக்காத.”

பஸ்ஸில் மூவரும் போனோம். சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி நடந்து, மறுபக்கம் ஏற வேண்டும். அப்பா தம் பதவியைச் சொல்லாமல் வரிசையில் நின்றார். அந்த அம்மா தம் அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

பொலிஸ் நிலையம் பெருந்தெருவை ஒட்டியிருந்தது. மேசையில் இருந்த கான்ஸ்டபிள் என் வயதை ஒத்தவன். அப்பா சிங்களத்தில், தாம் யார், வந்த காரணம் என்ன என்று சுருக்கமாகச் சொன்னார். அவன் உள்ளே போய்த் திரும்பி வந்து, அப்படி யாரும் இல்லை என்றான்.

“நல்லது. நாங்கள் இங்கே இருக்கிறோம்” என்றார் அப்பா.

சுவரோரம் ஒரு நீளமான பெஞ்சு இருந்தது. அப்பா அதன் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் உள்ளே போகும் நடையும் அதன் முடிவிலிருந்த பச்சைக் கதவும் தெரிந்தன. பக்கத்தில் அந்த அம்மாவும் அவருக்கு அடுத்து நானும் உட்கார்ந்தோம். அப்பா தம் கைத்தொலைபேசியை என்னிடம் கொடுத்தார்.

“யாரு கேட்டாலும் இருக்காருன்னு சொல்லு. எங்கன்னு கேட்டா, எங்கன்னு சொல்லு.”

முற்பகல் மெதுவாகப் போயிற்று. வெளியே லொறிகள் போய்க்கொண்டேயிருந்தன. ஒவ்வொரு லொறியின் சத்தத்துக்கும் அந்த அம்மா வாசலைப் பார்த்தார். அப்பா அவரைப் பேச வைத்தார்.

“பையன் எத்தன வரைக்கும் படிச்சான்?”

“ஓ எல் எழுதினாங்கய்யா. கணக்கு பெயிலு.”

“நானும் கணக்கு பெயிலுதான். பெறகு என்னையே சபையில வரவு செலவுக்குக் கை தூக்கச் சொன்னாங்க.”

அந்த அம்மா சிரித்தார். சிரித்ததும் வாயைச் சேலையால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அப்பா வேறு பக்கம் பார்த்திருந்தார்.

பகல் திரும்பியதும் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கட்சியின் கிளைச் செயலாளர் மூன்றாவது முறை அழைத்தபோது அவருடைய குரலில் மரியாதை குறைந்திருந்தது.

“என்னம்மா, அப்பா இன்னமும் பெஞ்சு தேய்க்கிறாரா? இங்க அவரு நாற்காலியில வேற ஆளு உக்காரப் போறாங்க. அதையாவது சொல்லும்மா.”

நான் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். பச்சைக் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ரொட்டியைப் பகிர்ந்து உண்டபின், மாத்திரைக்குத் தண்ணீர் எடுக்கப் பின்புறக் குழாய்க்குப் போனேன். அங்கே ஓய்வுபெறும் வயதை நெருங்கிய சார்ஜன்ட் ஒருவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அன்று காலை இரண்டு தடவை எங்களைக் கடந்து போனவர்.

“துவ, அந்தத் தலைவர் உன் அப்பாவா?” என்று சிங்களத்தில் கேட்டார். மகளே என்று அவர் அழைத்ததிலும், உறுப்பினர் என்று சொல்லாமல் தலைவர் என்றதிலும் நான் சற்றுத் திகைத்தேன். ஆம் என்றேன்.

“எண்பத்தொன்பதில், கிளர்ச்சிக் காலத்தில், இவரைப் பார்த்திருக்கிறேன்” என்றார். குழாயை மூடவில்லை, அந்தச் சத்தத்துக்குள்ளேயே பேசினார். பல்லேகமப் பக்கத்திலிருந்து தோட்டத்து லயங்களுக்குக் காய்கறி கொண்டுவந்து விற்கும் ஒரு சிங்களத் தாய். அவளுடைய மகனை ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவளுக்கு வேறு யாரையும் தெரியாததால் அப்பாவிடம் வந்தாள். அப்பா அவளோடு முகாமின் வாசலில் போய் உட்கார்ந்தார்.

“வாசலில் காவலுக்கு நின்றவன் நான். இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அன்றைக்கு அந்தப் பிள்ளை உள்ளே இருந்தான். இருட்டியதும், நாளைக்கு வாருங்கள் என்றோம். இருவரும் எழுந்து போனார்கள். மறுநாள் வந்தபோதும் இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை.”

அவர் குழாயை மூடினார். “மூன்றாம் நாளும் வந்தார்” என்றார். பிறகு தொப்பியை அணிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா மாத்திரையை விழுங்கினார். வீட்டில் தொலைபேசி வருவதற்கு முன்னாலேயே, அந்த மூன்றாம் நாளோடு, அவர் பெஞ்சுகளை விட்டிருந்தார் என்று அப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மூன்று மணி கடந்தது. தொலைபேசி அடிப்பது நின்றது. வெயில் வாசலிலிருந்து பெஞ்சின் காலடிவரை வந்து மறைந்தது. விளக்குகள் போட்டபின் பொறுப்பதிகாரி வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் முகம் சுளித்தார். இரவில் இங்கே தங்க இடமில்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்.

அப்பா எழுந்தார். நாளெல்லாம் தொங்கியிருந்த கால்கள் வீங்கிப்போயிருந்தன. சுவரைப் பிடித்துத்தான் நிற்க முடிந்தது.

“ஒருமுறை இந்தப் பேச்சைக் கேட்டு எழுந்து போயிருக்கிறேன், மாத்தயா” என்றார். “பிள்ளையை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. விசாரணை இருந்தால் விசாரியுங்கள். இந்தத் தாய் அவனைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் இப்போதே போகிறோம். பார்க்காமல் நான் எழுந்து போகமாட்டேன்.”

“எழுந்துதானே நிற்கிறீர்கள்?” என்றார் அதிகாரி. கான்ஸ்டபிள் சிரித்தான்.

அப்பா மறுபடி உட்கார்ந்தார்.

சார்ஜன்ட் மேசையருகே தரையைப் பார்த்து நின்றிருந்தார். பிறகு அதிகாரியின் அருகே போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அதிகாரி உள்ளே போனார். நெடுநேரத்துக்குப் பின் பச்சைக் கதவு திறந்தது.

இடுப்பில் சாரத்தோடு, மேலே ஒன்றுமில்லாமல், ஓர் இளைஞன் நடையின் முடிவில் நின்றான். உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. சார்ஜன்ட் அவன் தோளுக்குப் பின்னால் நின்றார்.

நாள் முழுவதும் மகனுக்காக உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்து இரண்டடி வைத்து, “சட்ட எங்கடா?” என்று கேட்டார்.

“இருக்கும்மா” என்றான் அவன்.

“பனிக்குது, போட்டுக்க.”

“சரிம்மா.”

கதவு மூடியது. அவன் வெளியே வருவதற்கு மேலும் பல நாட்கள் எடுத்தன, ஆனால் வந்தான். அன்று அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

“நாளைக்குக் காலையில் வருவோம்” என்று அப்பா அதிகாரியின் மூடிய அறையை நோக்கிச் சொன்னார். சார்ஜன்ட்தான் தலையசைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் கிளைச் செயலாளர் தொலைபேசியில் கடைசியாக ஒருமுறை அழைத்தார். வேட்பாளர் பட்டியலில் அப்பாவின் பெயர் இல்லை. நான் அதைச் சொன்னபோது அந்த அம்மா முன் ஆசனத்தில் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தார்.

“யாரப் போட்டுருக்காங்க?” என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

“நல்லாப் பேசுவான்” என்றார். சற்றுக் கழித்து, “வேனுக்கு நாலு டயரும் மாத்தணும்னு நெனச்சிட்டிருந்தேன். இனி அவன் பாடு” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நானும் பார்க்கவில்லை.

அந்த அம்மாவை அன்று எங்கள் வீட்டிலேயே தங்க வைத்தோம். மறுநாள் விடியுமுன் அப்பா எழுந்து செருப்பைப் போடப் பார்த்தார். பாதம் உள்ளே போகவில்லை. அம்மா செருப்பைப் பிடுங்கி அலமாரிக்கு மேல் வைத்தார். அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “வருவோம்னு சொல்லிட்டு வந்தேன்” என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை எனக்கு விரிவுரை இருந்தது. கண்டி பஸ்ஸுக்கு ஆயத்தமாக வைத்திருந்த பையிலிருந்து புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தேன். அப்பாவின் பழைய சட்டையொன்றை மடித்து உள்ளே வைத்தேன். அந்த அம்மாவோடு முதல் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினேன். சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து மறுபடி ஏறினோம். நிலையத்தில் மேசையில் இருந்தவன் வேறொருவன், எங்களைத் தெரியாதவன். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான்.

“நேற்று இரவு நாங்கள் இங்கே பார்த்த பிள்ளையை” என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் ஏதும் சொல்வதற்கு முன், பெஞ்சின் வலது ஓரத்தில், பச்சைக் கதவு தெரியும் இடத்தில், போய் உட்கார்ந்தேன்.