ரவுட்டர் உள்ளே, சாவியும் உள்ளே

ஸ்கேன் சென்டரில் அவருக்கு ‘மேகம் சார்’ என்று பெயர் வைத்தது எக்ஸ்ரே எடுக்கும் அக்கா. அதற்கு முன்னால் வெறும் ‘கம்ப்யூட்டர் சார்’தான். வேலைக்குச் சேர்ந்தபோது தலை நிறைய முடி இருந்தது. அதெல்லாம் எங்கே போனது என்று கேட்டால் மாடிப்படிக்குப் பக்கத்திலுள்ள சர்வர் ரூமைக் கைகாட்டுவார். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே ஏசி நின்றால் சர்வர் சூடாகும், சர்வர் நின்றால் சென்டர் நிற்கும், சென்டர் நின்றால் மேனேஜர் ஆடுவார்.

இந்தக் கூத்தில் அவருடைய வீடு என்று ஒன்று இருப்பதே பலமுறை மறந்துபோயிற்று. மகள் பள்ளி ஆண்டு விழாவில் மரம் வேஷம் போட்டு நின்றாள், அவர் பார்க்கவில்லை. அப்புறம் ஓடினாள், பாடினாள், பரிசு வாங்கினாள். ஒவ்வொரு தடவையும் சட்டைக்கு இஸ்திரி போட்டு, செருப்பை மாட்டும்போதுதான் போன் அடிக்கும். மனைவி இப்போதெல்லாம் ‘வரீங்களா?’ என்று கேட்பதையே விட்டுவிட்டாள்.

பிறகுதான் மேகம் வந்தது. டை கட்டிய ஒருவர் வந்து சுவரில் படம் காட்டினார். “இனிமே சர்வரும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். எல்லாம் மேகத்துல. நீங்க வீட்டுல நிம்மதியா இருக்கலாம் சார்” என்று நம்மாளைப் பார்த்துச் சொன்னார். மேனேஜர் செலவைப் பார்த்துத் தலையாட்டினார். நம்மாள் அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத் தலையாட்டினார். இவ்வளவு படித்த மனுஷன் இதை நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், பேச்சுப் போட்டிக்கு அவளே தலைப்பைக் கொண்டுவந்தாள்: மேகக் கணினி, இன்றும் நாளையும். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். சாப்பாட்டு மேசையிலேயே வகுப்பு ஆரம்பமாயிற்று.

“மேகம்னா வானத்துல ஒண்ணும் இல்லம்மா. எங்கேயோ ஒரு பெரிய கட்டடம், உள்ள ஆயிரக்கணக்குல கம்ப்யூட்டர். நாம சொந்தமா கிணறு வெட்டாம குழாய்த் தண்ணி வாங்கறோம்ல, அந்த மாதிரி. எவ்வளவு பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு வாடகை.”

“அந்தக் கட்டடம் தீப்பிடிச்சா?”

“அதுக்குத்தான் எல்லாத்துக்கும் மூணு காப்பி, வேற வேற இடத்துல. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்.”

“அப்ப கஷ்டமே இல்லையாப்பா?”

“இருக்கு. நடுவுல லைன் அறுந்தா நம்ம கையில ஒண்ணும் கிடையாது. பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.”

“சரி, நாளைக்கு என்ன ஆகும்?”

அவர் யோசித்தார். “ஸ்கேனைப் பார்த்து இன்ன நோய்னு சொல்றதெல்லாம்கூட மெஷினே அங்க உக்காந்து செய்யும். ஆனா லைன் போனா வேலை நிக்கக்கூடாதுல்ல? அதனால ஒரு குட்டி மெஷினைத் திரும்ப நம்ம பக்கத்துலயே கொண்டுவந்து வைப்பாங்க. பாதி அங்க, பாதி இங்க. அப்படித்தான் போகும்னு தோணுது.”

அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, “நீங்க வருவீங்களா?” என்றாள்.

“வராம? எல்லாம் மேகத்துல இருக்கு, எனக்கு அங்க என்ன வேலை?”

மூன்றாவது வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி பிடித்து வைப்பதாகச் சொன்னாள்.

போட்டி நடந்த சனிக்கிழமை அவர் அரை நாள் லீவு சொல்லியிருந்தார். மதியம் கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தால் எக்ஸ்ரே அக்கா வாசலில் நிற்கிறாள்.

“மேகம் சார், படம் எதுவும் போகமாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு.”

சென்டரை மேகத்தோடு இணைக்கும் ரவுட்டர் பெட்டி பாதியில் மாட்டிக்கொண்டது, வேறொன்றுமில்லை. பின்னால் இருக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சரியாகிவிடும். ரவுட்டர் பழைய சர்வர் ரூமில் இருந்தது. அது வெளியே இருந்தபோது, கூட்டித் துடைக்கிறவர்கள் அதன் பிளக்கைப் பிடுங்கித் தங்கள் மெஷினைச் சொருகினார்கள் என்று உள்ளே வைத்துப் பூட்டியவர் நம்மாள்தான். யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று போனிலேயே பார்க்கவேண்டும் என மேனேஜர் ஆசைப்பட்டதால், அந்தக் கதவுக்குப் புதுவிதப் பூட்டு வாங்கிப் போட்டவரும் அவர்தான். அட்டையைக் காட்டினால் பூட்டு மேகத்திடம் கேட்கும். மேகம் சரி என்றால் திறக்கும்.

அட்டையைக் காட்டினார். பூட்டு சிவப்பு விளக்கைக் காட்டியது. மேகத்திடம் கேட்க வேண்டிய லைன், மாட்டிக்கொண்ட ரவுட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த ரவுட்டர் கதவுக்கு அந்தப் பக்கம்.

அவசரத்துக்கென்று ஒரு இரும்புச் சாவி உண்டு. தொலைந்துவிடக் கூடாதென்று பத்திரமாக ஆணியில் தொங்கவிட்டிருந்தார். ஆணி உள்ளே இருந்தது.

அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தைப் போர்டில் நிறுத்திப் பார்த்தார். ரவுட்டர் அணைந்து மறுபடி எழும் என்று நினைத்தார். அது அசையவில்லை. பேட்டரி தாங்கிக்கொண்டது. மட்டமானது வேண்டாம் என்று கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய பேட்டரி. பூட்டுக்குள்ளும் அதே ரகத்தில் ஒன்று. அந்த நிமிஷம் அவருக்குத் தன் கையையே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உதவி எண்ணுக்கு அடித்தார். நெடுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். “எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்.”

“உங்க பக்கம் சரிதாம்மா. நான் இந்தப் பக்கம் இருக்கேன்!”

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

வெளியே நோயாளிகள் சேர்ந்துவிட்டார்கள். கைக்குக் கட்டுப் போட்ட ஒரு பெரியவர், “மேகமா? மழை வந்தா சரியாயிடுமா?” என்று கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டாரா, கிண்டலா என்று நம்மாளுக்குப் புரியவில்லை.

“உடைச்சிடலாம் சார்” என்றார் நம்மாள், மேனேஜரிடம்.

“பூட்டு புதுசுங்க. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.” முதலாளி விமானத்தில் இருந்தார். அவர் தரையிறங்கும்வரை நம்மாள் கதவுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மனைவிக்கு அடித்தால் போன் அணைந்திருந்தது. அரங்க வாசலிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்களாம். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் காட்டுவது? டைக்காரர் மேலா, மேனேஜர் மேலா? எண்ணிப் பார்த்தால் எல்லா இடத்திலும் தன் கைதான் பட்டிருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, தூசி என்று துடைத்துக்கொண்டார்.

கடைசியில் அனுமதி வந்தது. தச்சர் வந்தார், துளை போட்டார், பூட்டைப் பிடுங்கிக் கீழே போட்டார். நம்மாள் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. எக்ஸ்ரே அக்கா, “வந்துடுச்சு!” என்று கத்தியபோது அவர் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

அரங்கத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசல் படியில் மனைவியும் மகளும். மகள் கையில் ஒரு கோப்பை.

“முதல் பரிசு” என்றாள் மனைவி. “நாளைக்கு என்ன ஆகும்னு நீங்க சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னா. பக்கத்துலயே ஒரு குட்டி மெஷின் வைப்பாங்கன்னு. அப்புறம் அவளாவே ஒண்ணு சேர்த்தா. ‘அந்தக் குட்டி மெஷினுக்குப் பக்கத்துலயே ஒரு ஆளும் இருக்கணும். அது எங்க அப்பாவா இருக்கும்.’ எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்படி ஒரு கைதட்டல்.”

“நீ?”

“நான் சிரிக்கலைங்க.”

அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. பூட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டார்.

“எனக்காக ஒருதரம் பேசிக் காட்டும்மா. ஆரம்பத்துலேருந்து.”

அவள் கோப்பையை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் இல்லை.

“எல்லாத்துக்கும் மூணு காப்பி இருக்கும்னு சொன்னீங்கல்லப்பா,” என்றாள். “இதுக்கு இல்ல.”