ஆறாம் மாடி அன்ரி செபமாலைக்கு வந்த நாள்

எங்கள் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த பிறகு, எங்களுக்கு நற்குணங்கள் கற்பிக்கப்பட்டன. வாரத்துக்கு ஒரு குணம். கற்பித்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். நற்குணம் என்பது பாடமாக்குகிற விஷயம் இல்லை, பல் துலக்குவதைப்போல வீட்டில் செய்து பழகவேண்டியது என்பது அவருடைய கொள்கை. ஆகவே ஒவ்வொரு குணத்தையும் ஒரு வாரம் வீட்டில் கடைப்பிடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வந்து எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். திருப்தியாகச் சொன்னவர்களின் சட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டிவிடுவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நட்சத்திரத்தின்மேல் எனக்கிருந்த பற்றைப் பக்தி என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். பொறுமை வாரத்தில் தொலைக்காட்சி ரிமோட்டைத் தம்பியிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, அவன் அதை எப்போது கீழே வைப்பான் என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்மை வாரம்தான் கஷ்டமாக இருந்தது. நான் எவ்வளவு தாழ்மையாக இருக்கிறேன் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் சாப்பாட்டு மேசையில் நானே எடுத்துச் சொல்லவேண்டியதாயிற்று.

ஸ்காபரோவில் உயரமான ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் நாங்கள் இருந்தோம். ஆறாம் மாடியில் ஒரு அன்ரி இருந்தார். அவர் சிங்களவர். சிலாபத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கடற்கரை ஊர். கத்தோலிக்கர், எங்களுடைய கோயிலுக்கே வருவார். பிள்ளைகள் இல்லை, கணவர் மட்டும். அவரும் அம்மாவும் மார்க்கம் நகருக்குப் பக்கத்தில் சலாட் பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று வேலை செய்தார்கள். அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது. அதனால் ஒவ்வொரு காலையும் அன்ரியின் காரில்தான் போவார். இருவரும் பேசிக்கொண்டது தொழிற்சாலை ஆங்கிலம். மேற்பார்வையாளரைத் திட்டவும் குளிரைத் திட்டவும் விழுந்து விழுந்து சிரிக்கவும் தேவையான சொற்கள் அந்த ஆங்கிலத்தில் நிறைய இருந்தன. வேறு விஷயங்களுக்கு அது போதாது என்று பிறகு தெரிந்தது.

அந்த வருஷம் தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணைக்கப்படவில்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மனைவியோடும் கைக்குழந்தையோடும் வன்னியில் இருந்தார். மாசிக்குப் பிறகு அவரிடமிருந்து தொலைபேசி வரவில்லை. அப்பா வேலை முடிந்து நேரே டவுன்ரவுனுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி வீதியில் பதாகை பிடித்து நின்றுவிட்டு வருவார். சனிக்கிழமைகளில் நாங்களும் போனோம். என் உயரத்தைவிடப் பெரிய பதாகை ஒன்றை என்னிடம் தந்தார்கள். அதன் பின்னால் நின்றபடியால் எனக்கு வீதி தெரியவில்லை. எல்லோருடைய சப்பாத்துகளும் மட்டும் தெரிந்தன.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கிய கையோடு அம்மா அன்ரியின் காரில் போவதை நிறுத்தினார். ஷிப்ட் மாறிவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார். விடியமுன்னம் எழும்பி, இரண்டு பஸ் மாறிப் போனார். இருவருக்கும் இடையில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று என்னால் சொல்லியிருக்க முடியும். அந்தப் பாடம் எங்களுக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது.

உண்மை பேசும் வாரத்தில் லிஃப்டில் அன்ரியைக் கண்டேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நான் சந்தர்ப்பத்தை விடவில்லை. அம்மாவின் ஷிப்ட் மாறவில்லை என்று சொன்னேன்.

"தெரியும்" என்றார் அன்ரி. ஒரே நேரத்தில் ஒரே மேசையில் நிற்கிறவருக்குத் தெரியாமல் போகுமா என்பது எனக்குத் தோன்றவில்லை. என் தலையைத் தடவிவிட்டு ஆறாம் மாடியில் இறங்கிப் போனார்.

மே மாதம் மாதாவின் மாதம். எங்கள் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குள் ஒரு மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் செபமாலை, பிறகு தேத்தண்ணி. அந்த வருஷம் எங்கள் முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. விக்டோரியா நாள் விடுமுறை. அதற்கு முந்திய நாள் நாங்கள் பூசையால் வந்து கதவைத் திறந்தபோது, வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ அதை அணைத்தார்கள். வீடு சத்தமில்லாமல் இருந்தது எனக்குப் புதுமையாக இருந்தது. அம்மா சமைக்கவில்லை. அப்பா பாணும் சம்பலும் தந்தார்.

செபமாலையை வேறு வீட்டுக்கு மாற்றுவோமா என்று யாரோ தொலைபேசியில் கேட்டிருக்கவேண்டும்.

"வேண்டாம். இஞ்சயே வைப்பம்" என்று அம்மா சொன்னது கேட்டது. "மாதாவை வரவேண்டாம் எண்டு சொல்ல ஏலுமே?"

அந்த வாரத்துக்கு மிஸ் தந்திருந்த குணம் அயலவர் அன்பு. அயலவர் ஒருவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள் என்று சொல்லியிருந்தார். நான் யோசித்துப் பார்த்தேன். செபமாலைக்கு வருகிற தமிழ் ஆட்கள் எப்படியும் வரத்தான் போகிறார்கள். அவர்களை அழைத்ததாக நான் சொல்லமுடியாது. மிச்சம் இருந்தது ஆறாம் மாடிதான். திங்கட்கிழமை மத்தியானம் லிஃப்டில் இறங்கிப்போய் மணியை அழுத்தினேன்.

கதவடியில் நிறையச் சப்பாத்துகள் கிடந்தன. உள்ளே ஆண்கள் பலமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்ரி கதவைத் திறந்தபோது, அவருடைய தோளுக்கு மேலால், மேசையில் பெரிய தட்டில் பாற்சோறு சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருப்பதைக் கண்டேன். எனக்கு அது நல்ல விருப்பம். நான் எப்போது போனாலும் ஏதாவது ஒன்றைக் கையில் தராமல் விடமாட்டார். அன்று அவர் வெளியே வந்து, கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டார். அவருக்குத் தாராள குணம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாற்சோறு நல்ல நாட்களில் பொங்குவது என்பதும், அவருடைய கணவரின் சிநேகிதர்களுக்கு அது என்ன நல்ல நாள் என்பதும் பல வருஷம் கழித்துத்தான் என் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்தன.

இன்றைக்கு எங்கள் வீட்டில் செபமாலை, ஏழு மணிக்கு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அம்மாவா கூப்பிடச் சொன்னார்?" என்று அவரும் ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை, மிஸ் சொன்னார் என்றேன்.

அன்ரி சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி" என்றார்.

அன்று மாலை எங்கள் வீடு நிறைந்துவிட்டது. சோபாவை ஒதுக்கி, கம்பளத்தின்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. மூன்றாம் மாடி அன்ரி மாதாவுக்கு முன்னால், சுவரோடு சாய்ந்து இருந்தார். அவர் அம்மாவின் நெருங்கிய சிநேகிதி. அவருடைய அக்காவின் குடும்பம் முழுக்க, மாமா இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே கார் நிறுத்துமிடத்தில் பொடியன்கள் வெடி கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே அறையில் இருந்தவர்கள் திடுக்கிட்டுப்போனார்கள்.

"கொண்டாடுறாங்கள்" என்றார் மூன்றாம் மாடி அன்ரி.

"இல்லை அக்கா. உது இந்த நாட்டு ராணிக்கு" என்றார் அப்பா. அந்த விக்டோரியா ராணி செத்து நூறு வருஷத்துக்கு மேல் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது.

அப்பாதான் திறந்தார். ஆறாம் மாடி அன்ரி தலையில் வெள்ளை லேஸ் முக்காட்டோடு நின்றார். எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வெறுங்கையோடு வராதவர், அன்று வெறுங்கையோடு வந்திருந்தார். அவருடைய வீட்டில் அன்று கொண்டுவருவதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா தடுமாறி, "வாங்கோ" என்று தமிழில் சொல்லி விலகி நின்றார்.

அறையில் இருந்த எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ தெரியாது. நான் நட்சத்திரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாடி அன்ரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். அம்மா அவரோடு வாசல்வரை போனார்.

"இருங்கோ அக்கா" என்றார் அம்மா, மெதுவாக.

"நீர் இருந்து செபியும். எனக்கு ஏலாது. இண்டைக்கு ஏலாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன ஒருவர் சொல்வதைப்போலச் சொன்னார். அவரைக் கடந்து போக இடம்விட்டு, ஆறாம் மாடி அன்ரி சுவரோடு ஒட்டி நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மூன்றாம் மாடி அன்ரி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அடுத்த வருஷம் ஸ்ரௌவ்வில் நகர்ப் பக்கம் வீடு வாங்கிப் போனபோதும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா திரும்பி வந்து தன் இடத்தில் இருந்தார். பிறகு, கொஞ்சம் தள்ளியிருந்து, பக்கத்தில் இடம்விட்டார். ஆறாம் மாடி அன்ரி வந்து அந்த இடத்தில் முழந்தாளிட்டார்.

எங்கள் வீடுகளில் செபமாலை வரிசையாகப் போகும். ஒருவர் மங்கள வார்த்தைச் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் எல்லோரும் மறுபாதியைச் சொல்லவேண்டும். பிறகு அடுத்தவர். முறை அறையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அன்ரிக்கு முன்னால் இருந்தவர் சொல்லி முடித்ததும், அன்ரியைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார். தமிழ் தெரியாத ஒருவரை விட்டுவிட்டுப் போவது மரியாதைதான். அந்த இடைவெளியில் அன்ரி தொடங்கிவிட்டார்.

தமிழில் தொடங்கினார். நாங்கள் "அருள் நிறைந்த" என்று தொடங்குகிற இடத்தில் அவர் "பிரியதத்தத்தினாலே" என்று தொடங்கினார். அது எங்கள் ஆட்களே எப்போதோ கைவிட்ட பழைய செபம். அறையிலிருந்த வயதானவர்கள் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருடைய ஊரில் ஒருகாலத்தில் கோயிலில் தமிழில்தான் செபித்தார்களாம். பேச்சு சிங்களமாக மாறியபிறகும் செபம் மட்டும் மாறாமல் சில வீடுகளில் இருந்ததாம். இதெல்லாம் பிற்பாடு அறிந்தது. அத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து காரில் போய்வந்த அம்மாவுக்கே அது தெரியாது. அன்ரிக்கு ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது என்பது உச்சரிப்பில் விளங்கியது. ஆனால் ஓரிடத்திலும் பிழை விடவில்லை.

முதல் பாதி முடிந்தது. மறுபாதியை நாங்கள் சொல்லவேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. கீழே இன்னொரு வெடி வெடித்தது. அன்ரி குனிந்தபடி காத்திருந்தார். நான் சொல்லியிருப்பேன், ஆனால் அந்தப் பழைய செபத்துக்கு மறுமொழி எது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாதான் தொடங்கினார். "இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்" என்ற இடத்துக்கு வந்தபோது இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தன. எல்லாக் குரல்களும் சேரவில்லை.

செபம் முடிந்ததும் அம்மா தேத்தண்ணி ஊற்றி, முதல் கோப்பையை ஆறாம் மாடி அன்ரியிடம் கொடுத்தார். அவர் நின்றபடியே குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். மற்றவர்களும் வழக்கத்தைவிட வேகமாகப் போனார்கள். மாமாவின் பெயரை அன்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரைப் பற்றிய செய்தி ஆவணியில்தான் வந்தது. மாமியும் குழந்தையும் முகாமில் இருந்தார்கள், மாமா இருக்கவில்லை.

நான் அம்மாவுக்குப் பக்கத்தில் போய், அன்ரியைக் கூப்பிட்டது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும். போய்ப் படு. நாளைக்குப் பள்ளிக்கூடம்" என்றார் அம்மா.

அடுத்த ஞாயிறு எனக்கு நட்சத்திரம் கிடைத்தது. மிஸ் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். ஒருவர் வந்ததையும் தமிழில் செபம் சொன்னதையும் சொன்னேன். ஒருவர் எழும்பிப் போனதை அந்தக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாததால் வைக்கவில்லை.

ஆனால் அதற்கு முதல், செவ்வாய்க்கிழமை காலையில் நடந்த ஒன்று இருக்கிறது. நான் ஜன்னலோரம் இருந்து சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று அம்மா வழக்கத்தைவிடப் பிந்தித்தான் வெளிக்கிட்டார். கீழே அம்மா பஸ் தரிப்பை நோக்கி நடந்து போவது சின்னதாகத் தெரிந்தது. அன்ரியின் கார் கட்டட வாசலில் நின்றது. அம்மா அதைக் கடந்து போனார். கொஞ்சத்தூரம் போய் நின்றார். திரும்பி வந்து, முன்கதவைத் திறந்து ஏறினார்.

கார் போகவில்லை. நான் சாப்பிட்டு முடித்தும் அங்கேயே நின்றது. மழைகாலத்திலும் குளிர்காலத்திலும் அந்தக் கட்டடத்தில் யாருடையதாவது கார் இப்படித்தான் நின்றுவிடும். அப்பா வயரைக் கொண்டுபோய்த் தன் காரின் பற்றரியிலிருந்து கரண்ட் கொடுப்பார். உதவி செய்ய இன்னொரு வாய்ப்பு என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அப்பா, அன்ரியின்ர கார் ஸ்ரார்ட் வருதில்லை. ஓடிப்போய் வயரைக் குடுங்கோ. அம்மாவுக்கு வேலைக்குப் பிந்தப்போகுது!"

அப்பா ஜன்னலுக்கு வந்து பார்த்தார். எனக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்று பார்த்தார்.

"கார் நல்லாத்தான் இருக்கு" என்றார். "நீ வெளிக்கிடு."

நான் நம்பவில்லை. நல்லாயிருக்கிற காருக்குள், வேலைக்கு நேரமாகிற இரண்டு பேர் ஏன் அசையாமல் இருக்கவேண்டும்? அப்பாவுக்குக் கார்களைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது என்று முடிவுசெய்துகொண்டு, புத்தகப்பையைத் தேடிப் போனேன்.